நாற்பது மீற்றர் தூரத்தில் ஒரு லொறி

ஒருவேளை இது லொறி இல்லையோ?

நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ. பதினாலு மாதமாக இதன் அடியில் முதுகை வைத்துக் கிடந்திருக்கிறேன். எந்த ஆணி இறுகும், எது வழுக்கும் என்று என் கைக்குத் தெரியும். ஆனால் இவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற விதத்தைப் பார்த்தால், இது ஒரு கோழிக்கூடாகவோ, சில்லுப் பூட்டிய அலுமாரியாகவோ இருக்கலாம் போலவும் தோன்றுகிறதே.

தவமலர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. போட்டியாளர் வாய்விட்டுச் சொல்பவை எல்லாம் பதிவாகும் என்று விதிப்புத்தகத்தின் முதற்பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு அப்பால் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் அது. மார்ச் மாதக் குளிர்காற்று. சுண்ணாம்பால் கீறிய கோட்டில் மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் சராசரிக் குடிமக்கள். தரையில் வேக ஓட்டங்கள் நடத்தும் நிலவேக ஒன்றியம் பத்திரிகையில் விளம்பரம் போட்டு அவர்களைத் தெரிவுசெய்திருந்தது. ஏனென்றால் விதி 3.1 இப்படிச் சொன்னது: 'டீசல் லொறிப் பிரிவில் ஓடும் வாகனம், நாற்பது மீற்றர் தூரத்திலிருந்து பார்க்கும் சராசரிக் குடிமகனுக்கு லொறியாகத் தோன்ற வேண்டும்.'

பரிசோதகர் அஸ்கர் மட்டையில் தாளைச் செருகிக்கொண்டு முதலாமவரிடம் போனார். "அங்கே என்ன தெரிகிறது?"

"லொறி," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"நீங்கள்?"

"பழைய லொறி," என்றாள் பேக்கரியில் வேலைசெய்யும் பெண். அஸ்கர் எழுதினார். பிறகு 'பழைய' என்பது அபிப்பிராயம் என்று அதை வெட்டினார்.

மூன்றாமவர் வைலேயில் இருந்து வந்த கிழவர். தவமலர் மெக்கானிக்காக வேலைசெய்யும் லொறி கராஜுக்கு அடுத்த வீட்டுக்காரர். அவர் முகம் மலர்ந்து, "அது தவமலருடையதல்லவா! என் வீட்டுச் சுடுநீர் பம்பைத் திருத்தித் தந்தவள்," என்றார்.

"கேள்வி பொருளைப் பற்றியது. நீங்கள் ஆளைச் சொல்கிறீர்கள்."

"சரி. அது தவமலருடைய லொறி."

"இனிச் செல்லாது," என்றார் அஸ்கர் வருத்தத்தோடு. "கேட்டபிறகு நீங்கள் யோசித்துவிட்டீர்கள். சராசரிக் குடிமகன் யோசிக்கக் கூடாது."

மூன்றில் இரண்டு. 'நிபந்தனையுடன் லொறி' என்று முத்திரை குத்தினார்கள்.

*

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஓடுதளத்தின் இரண்டரைக் கிலோமீற்றர் மட்டும்தான். வேகச் சாதனை வேண்டாம், கிண்ணமும் வேண்டாம். ஒரு முனையில் எடுத்தால் மறு முனைவரை ஒருவரும் மறிக்காத ஒரு ஓட்டம். அவ்வளவுதான்.

இதை அவள் யாருக்கும் விளக்கவில்லை. விளக்கினால் சிறிதாகிவிடும் என்று பயந்தாள்.

தொண்ணூற்றொன்றில், தொண்ணூற்றிரண்டில், அவளுடைய சின்னண்ணை குகநேசன் யாழ்ப்பாணத்தில் வெங்காய லொறி ஓட்டினான். இருபத்திரண்டு வயதுத் தங்கையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டுதான் போவான். "நீ இருந்தால் கொஞ்சம் மரியாதையாய் மறிப்பாங்கள்," என்பான். சோதனைக்கு மறித்தவர்கள் பல தரப்பு. மறிக்கும் முறை ஒன்றுதான். இறங்கு. பின்பலகையைத் திற. தள்ளி நில். கையைத் தெரியும்படி வை. மூட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டு ஏறச் சொல்வார்கள். மூன்றாம் கியருக்கு வருவதற்குள் அடுத்த மறிப்பு வந்துவிடும். "உந்த அஞ்சாம் கியர் வடிவுக்கு வைச்சு விட்டிருக்கிறாங்கள் போல," என்று கியர்த் தடியின் தலையைத் தட்டிச் சிரிப்பான். "ஒருநாளைக்கு, மலர், ஒருத்தரும் மறிக்காத ரோட்டில, அஞ்சாம் கியரில விட்டுப் பாப்பம். லொறி என்ன செய்யுதெண்டு பாப்பம்."

அவள் டென்மார்க்குக்கு வந்துவிட்டாள். அவன் வன்னிக்குப் போய்விட்டான். அங்கே போர் இறுகிய இந்த 2009 ஜனவரியிலிருந்து அவனிடமிருந்து தொலைபேசி இல்லை. ஜனவரியிலிருந்தே அவளால் ஒரு கதிரையில் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். உள்ளே தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. பன்றிப் பண்ணையொன்றில் வாங்கிய இந்த லொறிக்கு அடியில் போய்ப் படுத்தால் மட்டும் உடம்பு ஓரிடத்தில் நின்றது.

"விசரே உனக்கு?" என்றான் கணவன் பரமானந்தம். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். "சனமெல்லாம் கொப்பன்ஹேகனில ஊர்வலத்துக்கு நிக்குது. நீ பண்டி ஏத்தின லொறியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறாய்."

"எட்டு ஊர்வலத்துக்கு வந்தனான்தானே. அங்கயும் மறிச்சு மறிச்சுத்தான் விடுறாங்கள்."

"அது பொலிசு பாதுகாப்புக்கு மறிக்கிறான்."

"எல்லாரும் அதைத்தானப்பா சொல்லுறவை."

 பரமானந்தம் விதிப்புத்தகத்தைத் தூக்கி எடை பார்த்தான். "இவ்வளவு மொத்தமாய் இருக்கு. எத்தினை லொறி ஓடுதாம்?"

"இந்த வருசம் ஒண்டு."

"எது?"

"எங்கட."

*

நிலவேக ஒன்றியத்தின் டீசல் லொறிப் பிரிவுக்குப் பதினொரு பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. லொறிகள் இல்லாத ஆண்டுகளில் அவர்கள் விதிகளைத் திருத்தினார்கள். விதிகள் திருந்தத் திருந்த லொறிகள் குறைந்தன. லொறிகள் குறையக் குறையத் திருத்துவதற்கு நேரம் கிடைத்தது. ஆண்டுக் கிண்ணத்தைப் பெற வேறு ஆளில்லாத காரணத்தால் குழுவே கிண்ணத்தைப் பெற்று, குழுவிடமே கையளித்துவந்தது.

விதி 4, லொறி உழைத்த லொறியாக இருக்க வேண்டும் என்றது. பந்தயத்துக்கென்றே பிறந்த லொறிக்கு இடமில்லை. அவளுக்கு லொறியை விற்ற பன்றிப் பண்ணைக்காரர் கடிதம் எழுதித் தந்தார்: 'கடைசியாக நாற்பத்தொரு பன்றி ஏற்றினேன். ஒன்றும் முறைப்பாடு செய்யவில்லை.' குழு பதில் அனுப்பியது. பன்றிகள் தாமாக ஏறினவா, ஏற்றப்பட்டனவா? தாமாக ஏறியிருந்தால் அவை பயணிகள், வாகனம் பேருந்து ஆகிவிடும். பண்ணைக்காரர் திருப்பி எழுதினார்: 'தாமாக ஏறவில்லை. என் முழங்காலில் அதற்கான தழும்பு உண்டு. படம் வேண்டுமா?' குழு படம் கேட்டது. படம் கோப்பில் சேர்ந்தது.

புகை பற்றிய விதி இரண்டு வரி. டீசல் எஞ்சின் என்பதற்குச் சான்றாகப் புகை கண்ணுக்குத் தெரிய வேண்டும். சூழலைக் கருதி அது கவனத்தை ஈர்க்கக் கூடாது. அஸ்கர் குழாய்க்குப் பின்னால் அரை மணித்தியாலம் நின்று, 'தெரிகிறது, ஆனால் நான் கவனிக்கவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அவர் நேர்மையான மனிதர்.

விதி 7 தான் அவளை உறங்கவிடாமல் செய்தது. லொறி சுமை ஏற்றக்கூடியதாக இருக்க வேண்டும், ஆனால் சுமை இருக்கக் கூடாது. எனவே ஒவ்வொரு முறை வரும்போதும் லொறியின் பெட்டி வெறுமையாக இருப்பதைக் குழு உறுதிப்படுத்தியது. அவள் இறங்குவாள். பின்பலகையைத் திறப்பாள். அஸ்கர் கைவிளக்கை அடித்து நான்கு மூலையும் பார்ப்பார். 'ஒன்றுமில்லை' என்று எழுதுவார். போன முறையும் ஒன்றுமில்லை, ஆனால் அது போன முறையினுடைய ஒன்றுமில்லை.

நாலாவது தடவை அஸ்கர் அவளைத் திரும்பிப் பார்த்து, "உங்களைப் போல ஒழுங்காக நிற்கும் போட்டியாளரை நான் கண்டதில்லை," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். லொறியிலிருந்து மூன்று அடி தள்ளி நின்றிருந்தாள். இரண்டு கைகளும் உடம்பை விட்டுச் சற்று விலகி, உள்ளங்கை வெளியே தெரிய, தாமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பதினாறு வருடமாக யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. அவை மறக்கவில்லை. அவளுக்குக் கைகள்மேல் கோபம் வந்தது. வீடு போகும்வரை ஒரு கையை மறுகையால் பிடித்துக்கொண்டு, கூட்டிப்போகக் காரோடு வந்த பரமானந்தத்துக்குப் பக்கத்தில் இருந்தாள்.

*

ஏப்ரல் கடைசியில், கராஜில் ஒரு கியர்ப்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத நீண்ட இலக்கம். சின்னண்ணையின் மனைவி கோகிலா.

"மச்சாள், நாங்கள் வெளியால வந்திட்டம். நானும் பிள்ளையளும். முகாமுக்குள்ள இருக்கிறம். இது வேற ஆற்றையோ போன், கனக்கக் கதைக்கேலாது."

"சின்னண்ணை?"

எதிர்முனையில் யாரோ இருமினார்கள்.

"பஸ்ஸில ஏத்திக்கொண்டு வந்தவங்கள் மச்சாள். வழியில ஒரு இடத்தில மறிச்சவங்கள். இவரை மட்டும் இறங்கச் சொன்னவங்கள். சும்மா ஒரு பதிவு, அஞ்சு நிமிசம் எண்டவங்கள். இவர் சிரிச்சுக்கொண்டு இறங்கிப் போனார். எனக்குக் கையைக் காட்டினவர். பிறகு பஸ்ஸை எடுத்திட்டாங்கள்."

"எப்ப?"

"இண்டைக்குப் பன்ரெண்டு நாள்."

இணைப்பு அறுந்தது. தவமலர் கியர்ப்பெட்டியைக் கழற்றி முடித்தாள். பிறகு அதைத் திரும்பப் பூட்டினாள். கழற்றச் சொன்ன காரணம் நினைவுக்கு வரவில்லை.

*

மே முதல் வாரத்தில் எண்ணெய் விசாரணை நடந்தது.

லொறியின் டீசல் தாங்கியிலிருந்து எடுத்த மாதிரியில் தேங்காயெண்ணெய் இருந்தது. அதை ஊற்றியது அவள்தான். ஊரில் டீசல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். வெறும் மண்ணெண்ணெய் போனால் பம்ப் வறண்டு இறுகிவிடும். அதனால் தாங்கி நிரப்பும்போதெல்லாம் ஒரு அகப்பை தேங்காயெண்ணெய். சின்னண்ணை பழக்கியது. இந்த நாட்டில் நல்ல டீசல் குழாயைப் பிடித்தால் வருகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சமையலறை அலுமாரியிலிருந்து போத்தலை எடுத்துக்கொண்டு போய், மூடியைக் கழற்றி, ஊற்றி, மூடியபிறகுதான் செய்ததே மனத்துக்கு வந்தது.

ஒன்றியத்தின் மண்டபத்தில் பதினொரு பேரும் வளைவாக அமர்ந்திருந்தார்கள். கோப்பியும் கறுவாப்பட்டை தூவிய சுருள் பணிஸும் இருந்தன. தலைவர் பிரெபன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எங்களுக்குத் தேங்காயெண்ணெயோடு எந்தப் பகையும் இல்லை. என் மனைவி தலைக்கு வைக்கிறாள். அதன் மணம் எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும், அதன் இடத்தில் இருக்கும்வரை. அது எங்கிருந்து வந்தது என்றும் நாங்கள் கேட்கவில்லை. ஏன் வந்தது, எவ்வளவு காலம் தங்கும், டீசலோடு எந்த அளவுக்குக் கலந்துவிட்டது, இவற்றைத்தான் கேட்கிறோம்."

"முழுவதும் கலந்துவிட்டது," என்றாள் தவமலர்.

வளைவு முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது.

"அதுதான் எங்கள் கவலை," என்றார் பிரெபன். "கலக்காமல் தனியே நின்றிருந்தால், அது இன்னொரு கவலை."

ஒருவர் கேட்டார், தேங்காயெண்ணெயால் வேகம் கூடுமா என்று. கூடாது என்றாள். குறையுமா? குறையாது. அப்படியானால் அது அங்கே என்ன செய்கிறது?

தேய்வதைத் தடுக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அத்தனை முகங்களும் உண்மையிலேயே அறிய ஆவலோடு அவளைப் பார்த்தன. அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் எழும்பிப் போயிருக்கலாம்.

"பழக்கம்," என்றாள்.

'காரணம்: பழக்கம்' என்று பதிவானது. தாங்கியை வெறுமையாக்கி, மூன்று முறை கழுவி, முத்திரையிட்ட டீசலை நிரப்பும்படி தீர்ப்பு வந்தது. செய்தாள். மூன்றாவது கழுவலிலும் மணம் போகவில்லை. அஸ்கர் மோந்து பார்த்துவிட்டு, மணம் பற்றி விதி இல்லை என்று மெதுவாகச் சொன்னார்.

*

ஞாயிற்றுக்கிழமை, மே பதினேழு. காலையில் பரமானந்தம் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்தான். திரையில் கடலும் புகையும். எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு அலைவரிசை சொன்னது. இன்றோ நாளையோ முடியும் என்று மற்றது. அவன் அதை நிறுத்திவிட்டு எழும்பி வந்தான். ஊர்வலம் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

"நானும் வாறன்," என்றான். "நீ தனியப் போகாத."

ஓடுதளத்தில் கொடிகள் கட்டியிருந்தார்கள். பத்திரிகையிலிருந்து ஒரு படப்பிடிப்பாளர் வந்திருந்தார். நாற்பது பேரளவில் நின்ற கூட்டத்துக்குப் பிரெபன் ஒலிபெருக்கியில் பேசினார்.

"ஒன்பது ஆண்டுகளாக டீசல் லொறிப் பிரிவில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. ஐரோப்பாவில் வேறெந்தப் பிரிவும் இப்படிச் சொல்ல முடியாது. இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு லொறியும் ஓடவில்லையே என்று சிலர் கேட்பார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதுதான் எங்கள் சாதனை! இன்று ஒரு லொறி ஓடப்போகிறது. அதை நாங்கள் எவ்வளவு கவனமாக அனுமதித்தோம் என்பதை நீங்கள் பார்க்கவேண்டும்."

கைதட்டினார்கள்.

தவமலர் ஆசனத்தில் இருந்தாள். தீப்பிடிக்காத மேலுடை, ஹெல்மெட். அஸ்கர் ஐந்து பட்டிகளையும் அவளுக்குக் குறுக்கே இழுத்துப் பூட்டி, பூட்டில் ஈய முத்திரை வைத்தார். எல்லாக் கட்டங்களிலும் சரி போட்டாயிற்று. வெறுமை காலையில் இரண்டு தடவை உறுதியாகியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு சிவப்பு வெள்ளைத் தடுப்புத் தடி, அதற்கப்பால் இரண்டரைக் கிலோமீற்றர் சாம்பல் நிறம், அதற்கப்பால் வானம். ஒருவரும் இல்லை. ஒரு மணல்மூட்டைகூட இல்லை. அவள் கண் அந்த வெறுமையில் மறிப்பைத் தேடித் தேடி, கிடைக்காமல் திரும்பி வந்தது.

கியர்த் தடியின் தலையைத் தட்டினாள்.

முன்னாலிருந்த தடுப்புத் தடி உயரவில்லை. பிரெபன் அவளுடைய ஜன்னல் பக்கமாக வந்து கையை உயர்த்தினார். கூடவே படப்பிடிப்பாளர். பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பதினொரு பேரில் மீதிப் பத்துப் பேரும் லொறியின் பின்புறத்தில் உயர வரிசைப்படி நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒரு சின்ன விடயம்," என்றார் பிரெபன். "பத்திரிகைக்கு ஒரு படம் வேண்டுமாம். குழு கடைசியாகப் பரிசோதிக்கிற மாதிரி. நீங்கள் இறங்கிப் பின்பலகையைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். எப்போதும் நிற்பீர்களே, கைகளை அப்படி வைத்துக்கொண்டு. அது படத்துக்கு அழகாக இருக்கும்."

"முத்திரை வைத்துவிட்டேன்," என்றார் அஸ்கர். "இறங்கினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்."

"பார்ப்போம், அதற்கென்ன, மூன்று மணிவரை நேரம் இருக்கிறதே." பிரெபன் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "சும்மா ஒரு சம்பிரதாயம். ஐந்து நிமிடம்."

அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். நல்ல சிரிப்பு. அன்று அவன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இப்படியான ஒரு சிரிப்பைப் பார்த்துத்தானா? சின்னண்ணை எப்போதும் கேட்டவுடனே இறங்குவான். சண்டை பிடித்தால் நேரம்தான் போகும், இறங்கினால் கெதியில் விடுவாங்கள் என்பான். அப்படித்தான் அவளும் நம்பினாள், இருபது வருடம். நாற்பத்தொரு பன்றிகள்கூடத் தாமாக ஏறவில்லை. நாங்கள்தான் நாமாக இறங்கினோம்.

"இல்லை," என்றாள்.

"என்ன?"

"நான் இறங்கவில்லை."

பிரெபன் அஸ்கரைப் பார்த்தார். "ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கேட்டிருக்காது."

"கேட்டது," என்றாள்.

"ஆனால் இறங்காவிட்டால் தடியை உயர்த்த முடியாதே. படம் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது."

"விளங்குகிறது."

பிரெபன் கக்கத்திலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். போட்டியாளர் ஏற மறுத்தால் என்ன செய்வது என்று இருந்தது. ஓட மறுத்தால், நிறுத்த மறுத்தால், மயங்கினால், அழுதால், எல்லாவற்றுக்கும் இருந்தது. காற்று தாள்களைப் புரட்டியது, அவர் திரும்பப் புரட்டினார். பின்னால் பத்துப் பேரும் மூடிய பலகைக்கு முன்னால், வயிற்றை உள்ளிழுத்தபடி படத்துக்காகக் காத்திருந்தார்கள். வேலியோரம் நின்ற பரமானந்தம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ அடியிலிருந்து மிக இலேசாகத் தேங்காயெண்ணெய் மணம் வந்தது.

"ஐந்தே நிமிடம்," என்றார் பிரெபன், இப்போது கெஞ்சலாக. "எல்லோரும் இறங்குவார்கள். வெறுமனே இறங்குங்கள்."

அவள் கைகளைப் பார்த்தாள். அவை ஸ்ரேறிங்கில் இருந்தன.

"இறங்கமாட்டன்," என்றாள் தவமலர், தமிழில், எஞ்சினைவிட மெதுவாக.